மீளக் கட்டும் அணியில் பயிற்றுநரின் ஆள் தெரிவை எடைபோடுவது எப்படி?

ஒரு உதைபந்தாட்டக் கழகம் பழைய அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினால் முதல் பருவத்தில் தோல்வி வரும். அந்தத் தோல்விகளில் சில பயிற்றுநரின் பிழையான தெரிவால் வந்தவை. சில, சரியான தெரிவுக்காகக் கழகம் கொடுத்தே ஆகவேண்டிய விலை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத நிர்வாகம் வருடத்துக்கு ஒரு பயிற்றுநரை மாற்றும். அணி என்றென்றைக்கும் முதலாம் வருடத்திலேயே நிற்கும்.

வன்னியில் இது கூடுதலாக உறைக்கும். உயர்தரம் எழுதி முடித்தவன் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ போகிறான். இன்னொருவன் கட்டாருக்கும் பிரான்சுக்கும் போகிறான். போர் முடிந்த 2009 இல் பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்கள் பந்து பழகவேண்டிய வருடங்களை இடப்பெயர்விலும் முகாமிலும் கழித்தார்கள். இன்று அணியின் முதுகெலும்பாக இருக்கவேண்டிய வயது அவர்களுக்குத்தான். அந்த வரிசை பல கழகங்களில் மெலிந்து கிடக்கிறது. ஆகவே இங்கே மீளக் கட்டுவது என்பது பெரும்பாலும் 17, 18 வயதுப் பெடியளையும் 32 வயதைத் தாண்டிய இரண்டு மூன்று பேரையும் வைத்துக்கொண்டு, நடுவில் ஆளில்லாமல் கட்டுவது. பயிற்றுநரை மதிப்பிடும் எவரும் இந்த இடைவெளியை முதலில் கணக்கில் எடுக்கவேண்டும்.

கீழே உள்ளவை கழக நிர்வாகத்துக்கும் பழைய வீரர்களுக்கும் எழுதப்பட்டவை. ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி), ஒரு பேனை, கிரவுண்டுக்கு ஒழுங்காக வரக்கூடிய இரண்டு பேர் இருந்தால் போதும்.

பருவம் தொடங்குமுன் எழுதி வாங்கவேண்டிய தாள்

பதிவுகள் தொடங்குமுன் பயிற்றுநரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அதில் இருக்கவேண்டியவை: பின்களம், நடுக்களம், முன்களத்துக்கு ஆட்களை எப்படிப் பிரித்து விளையாடப்போகிறார், 4-4-2 ஆ, 4-3-3 ஆ, வேறா, அந்த முறையின் எந்தெந்த இடத்துக்கு இப்போது ஆள் இல்லை, யாரை விடப்போகிறார், யாரைக் கொண்டுவரப்போகிறார், ஒவ்வொருவருக்கும் ஒரு வரியில் காரணம், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எவ்வளவு விளையாட்டு நேரம் கொடுக்கப்போகிறார். திகதி போட்டு, பயிற்றுநர், தலைவர், செயலாளர் மூவரும் கையெழுத்து வைக்கவேண்டும்.

அதே தாளின் மறுபக்கத்தில் கழகம் என்ன தருகிறது என்று நிர்வாகம் எழுதவேண்டும். எத்தனை பந்து, கிழமைக்கு எத்தனை நாள் மைதானம், வெளிப் போட்டிகளுக்கு வாகனச் செலவு யாருடையது, எத்தனை பருவம் அவகாசம். இரண்டு பருவத்துக்குக் குறைந்த அவகாசத்தில் மீளக் கட்டு என்று சொல்வது நியாயமில்லை. இருபது பேருக்கு மூன்று பந்தைக் கொடுத்துவிட்டு, பெடியளுக்கு முதல் தொடுகை சரியில்லை என்று பயிற்றுநரைக் குறைசொல்லவும் முடியாது. இருவருக்கு ஒரு பந்து இருந்தால்தான் தொடுகை வளரும். பெரியவர்களுக்கு 5 ஆம் இலக்கப் பந்து, அதாவது சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். மழையில் ஊறித் தையல் விட்ட பந்தை வைத்துத் தெரிவுப் பயிற்சி நடத்தினால் நல்லவனும் மோசமாகத் தெரிவான்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்றால், ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லாருடைய ஞாபகமும் புள்ளி அட்டவணைக்கு ஏற்ற மாதிரி மாறிவிடும். வென்றால் "நான் அப்பவே சொன்னனான்" என்று எல்லாரும் சொல்வார்கள். தோற்றால் அந்தப் பெடியனை எடுக்கச் சொன்னவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஆள் அட்டவணை

கொப்பியின் இரண்டு பக்கத்தை விரித்து நிரல் போடுங்கள்: பெயர், பிறந்த திகதி, முதல் இடம், இரண்டாவது இடம், எந்தக் கால், படிப்பு அல்லது வேலை, இரண்டு வருடத்துக்குப் பின் வயது, இரண்டு வருடத்துக்குப் பின் ஊரில் இருப்பாரா. கடைசி நிரல்தான் வன்னிக் கழகங்களுக்கு முக்கியமானது. விசாவுக்கு விண்ணப்பித்திருப்பவர், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர், கலியாணமாகி வேறு மாவட்டத்துக்குப் போகப்போகிறவர் எல்லாருக்கும் அதில் ஒரு குறி இடுங்கள். அந்தக் குறி உள்ளவரைச் சுற்றி அணியைக் கட்டும் பயிற்றுநர் மணலில் அத்திவாரம் போடுகிறார். அதே ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போகுமுன் அவருடைய இடத்துக்கு ஒரு 18 வயதுக்காரனைப் பழக்குபவர் வேலை தெரிந்தவர்.

24 பேர் கொண்ட அணியில் 3 கோல் காப்பாளர், 8 பின்களம், 7 நடுக்களம், 6 முன்களம் என்பது நல்ல பிரிவு. வயதில் 19 க்குக் கீழ் எட்டுப் பேர், 20 முதல் 24 வரை எட்டுப் பேர், 25 முதல் 29 வரை ஐந்து பேர், 30 க்கு மேல் மூன்று பேர் என்று வந்தால் அது மூச்சுவிடக்கூடிய அணி. பெரும்பாலான கழகங்களில் மூன்றாவது வரிசைக்கு ஐந்து பேர் கிடைக்கமாட்டார்கள். கிடைக்காவிட்டால் அதைப் பயிற்றுநரின் பிழையாக எழுதக்கூடாது. ஆனால் இடது பக்கப் பெக்குக்கு, அதாவது பின்களத்தின் இடது பக்கத்துக்கு, ஒருவனும் இல்லாமல் நாலாவது போவேர்டைப் பதிவு செய்தால் அது அவருடைய பிழை. கோல் அடிக்கிறவனை எடுப்பது ஊருக்குப் பிடிக்கும். ஊருக்குப் பிடிக்காத இடத்துக்கு ஆள் தேடுகிறாரா என்பதில்தான் பயிற்றுநரின் தரம் தெரியும்.

அமெரிக்கக் காற்பந்தில் 32 அணிகள் ஏழு சுற்றாக இளம் வீரர்களைத் தெரிவு செய்யும்; முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. எங்களுக்கு அப்படி ஒரு முறை இல்லை. தோற்றதற்காக எவரும் நல்ல வீரனைக் கொண்டுவந்து தரப்போவதில்லை. இங்கே முதல் தெரிவு யாருக்கு என்றால், பாடசாலை மைதானத்துக்கு முதலில் போய் நிற்கும் பயிற்றுநருக்கு. ஆகவே அவர் வருடத்தில் எத்தனை பாடசாலைப் போட்டி பார்த்தார், எந்த வயதுப் பிரிவு பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். 20 வயதுப் பிரிவை மட்டும் பார்ப்பவருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். 16 வயதுப் பிரிவைப் பார்ப்பவருக்கு இரண்டு வருடம் முன்கூட்டியே தெரியும்.

நிமிடக் கணக்கு

இளைஞர்களுக்கு இடம் கொடுக்கிறேன் என்று எல்லாப் பயிற்றுநரும் சொல்வார்கள். சொல்வது உண்மையா என்று நிமிடம் காட்டும்.

90 நிமிடப் போட்டி ஒன்றில் ஓர் அணிக்கு 11 பெருக்கல் 90, அதாவது 990 நிமிடம் பங்கிட இருக்கிறது. 14 போட்டி என்றால் 13,860. அதில் 30 வீதம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு என்று தாளில் எழுதியிருந்தால் 4,158 நிமிடம். ஆறு இளைஞர்கள் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு 693. கிட்டத்தட்ட எட்டு முழுப் போட்டி. உங்கள் சுற்றுப்போட்டி 30 நிமிடப் பாதிகள் என்றால் 990 க்குப் பதில் 660 ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்.

போட்டியன்று ஒருவர் மாற்றங்களின் நிமிடத்தை மட்டும் எழுதினால் போதும். வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் கூட்டிவிடலாம். இப்படிக் கூட்டும்போது அடிக்கடி தெரியவரும் ஏமாற்று ஒன்று: ஒரு பெடியன் 12 போட்டியில் விளையாடியதாகப் பதிவில் இருக்கும், நிமிடத்தைக் கூட்டினால் 70. தரத்துக்கு ஆறு நிமிடமும் இல்லை. அதுவும் 3-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது இறக்கிவிட்டது. அந்த ஆறு நிமிடத்தில் அவனுக்குப் பந்து மூன்று தரம் கிடைத்திருக்கும். இரண்டை இழந்திருப்பான். பிறகு "குடுத்துப் பாத்தம், சரிவரேல்லை" என்று முடித்துவிடுவார்கள். ஒரு இளைஞனைச் சோதிப்பதென்றால் ஒரே இடத்தில், தொடர்ச்சியாக, குறைந்தது நாலு போட்டியில் 60 நிமிடத்துக்கு மேல் விடவேண்டும். இன்றைக்கு விங், நாளைக்குப் பெக், அடுத்த கிழமை வெளியே என்று ஆட்டினால் அவனைப்பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியவராது.

மறுபுறம், புதிதாக வந்த ஒருவன் முதல் மாதங்களில் பெஞ்சில் இருப்பதைப் பார்த்து அவசரப்படவும் கூடாது. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் 2017 ஜூலையில் ஹல் சிற்றியிலிருந்து இடது பெக் அன்டி ரொபேர்ட்சனை வாங்கியது. அப்போதுதான் ஹல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருந்தது. மாதக்கணக்கில் அவருக்கு மிகக் குறைவான போட்டிகளே கிடைத்தன. டிசம்பரில், அந்த இடத்தில் ஆடிவந்த மொரேனோ காயப்பட்ட பிறகுதான் இடது பக்கம் அவருடையதாயிற்று. 2019 இல் ஐரோப்பியக் கிண்ணமும் 2020 இல் பிரிமியர் லீக் கிண்ணமும் எடுத்த அணியில் அவர் அசைக்கமுடியாத ஆள். நொவெம்பரில் நிமிடக் கணக்கை மட்டும் பார்த்து அந்தத் தெரிவை எடைபோட்டிருந்தால் கணிப்புப் பிழையாகியிருக்கும். அதனால்தான் பெஞ்சில் இருப்பவனுக்கு என்ன பழக்கப்படுகிறது என்று பயிற்றுநரிடம் கேட்டு நிமிட நிரலுக்குப் பக்கத்திலேயே எழுதவேண்டும். பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பெடியன் மறக்கப்பட்டிருக்கிறான்.

வரவுக் கணக்கும் இதோடு சேர்ந்தது. ஆனால் வரவை ஊரின் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை காலபோக அறுவடை. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர்ப் பங்கு கிடைத்த வருடத்தில் ஆடி, ஆவணியிலும் வயல் வேலை வரும். அளம்பில், சிலாவத்தைப் பக்கத்துக் கடற்றொழிலாளிப் பெடியள் வாடைக்காற்றுக் காலத்தில் பயிற்சிக்கு வருவார்கள், ஆனால் அப்போது மைதானத்தில் தண்ணி நிற்கும். கடல் அடங்கினால் கரைவலைக்குப் போய்விடுவார்கள். வற்றாப்பளைப் பொங்கல், மடுவின் ஆடி 2, ஆவணி 15 திருவிழாக்கள், உயர்தரக்காரருக்குப் பின்னேர ரியூசன். இந்தக் காரணங்களால் வராதவனை ஒழுக்கமில்லாதவன் என்று வெட்டும் பயிற்றுநர் ஊரைப் படிக்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் காலை ஆறு மணிப் பயிற்சியை வைத்து ரியூசன்காரரைப் பிடித்துக்கொள்பவர் படித்திருக்கிறார்.

முடிவுச் சீட்டு

முடிவையும் முடிவின் விளைவையும் பிரிப்பதற்கு இருப்பது இந்த ஒரு வழிதான். ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் கொப்பியில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்: திகதி, என்ன முடிவு, அன்றைக்கு வேறு என்ன வழிகள் இருந்தன, பயிற்றுநர் சொன்ன காரணம், இது பிழை என்று எதைக் கண்டால் ஒத்துக்கொள்வார், எப்போது திரும்பப் பார்ப்பது. ஐந்தாவது வரியை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள்.

2021 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் நல்ல உதாரணம். பயிற்றுநராக மிக்கெல் ஆர்ட்டேட்டா பொறுப்பெடுத்த பின் இரண்டு பருவம் தொடர்ந்து எட்டாம் இடம். அந்தக் கோடையில் எடுத்த ஆறு பேரும் 23 வயதுக்கு மேற்படாதவர்கள். பருவம் தொடங்கியது: பிரென்ற்போர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, மான்செஸ்டர் சிற்றியிடம் 5-0. மூன்று போட்டி முடிய அட்டவணையில் கடைசி இடம். பெறுபேற்றை மட்டும் பார்ப்பவர் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். சீட்டு எழுதுபவர் வேறு கேள்வி கேட்டிருப்பார்: எடுத்த ஆறு பேரில் எத்தனை பேர் இந்த மூன்று போட்டியிலும் விளையாடினார்கள்? தோற்றது அவர்களுடைய இடங்களாலா? அந்த ஆறு பேரில் ரொமியாசு வந்ததே மூன்றாவது போட்டிக்குப் பிறகு. கோல் காப்பாளர் ஆரன் ராம்ஸ்டேல் முதல் லீக் போட்டியை ஆடியது நாலாவது போட்டியில். அந்தப் பருவம் ஐந்தாம் இடம், அடுத்த பருவம் இரண்டாம் இடம்.

ராம்ஸ்டேல் விடயத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அடுத்தடுத்து இரண்டு பருவத்தில், போர்ன்மத்திலும் ஷெபீல்டிலும், இருந்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய காப்பாளர் அவர். அவரை எடுத்ததைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் அணி இறங்கியது வேறு, காப்பாளரின் காலில் பந்து எப்படி இருக்கிறது என்பது வேறு. ஆர்ட்டேட்டாவுக்குத் தேவை பின்னாலிருந்து பந்தைக் கட்டிக்கொண்டு போகக்கூடியவர். எடுத்த காரணத்துக்கு அந்த ஆள் பொருந்தினார். பிறகு 2023 இல், அதே காரணத்தை இன்னும் நன்றாக நிறைவேற்றக்கூடியவர் என்று டேவிட் ராயாவைக் கொண்டுவந்து ராம்ஸ்டேலை வெளியே வைத்தார். முதல் முடிவு சரியாக இருந்ததால் இரண்டாவது முடிவு துரோகம் ஆகிவிடாது. எங்கள் கழகங்களில் "இவனைக் கொண்டுவந்ததே மாஸ்டர்தானே, பிறகு ஏன் இப்ப வெட்டுறார்?" என்று கேட்பார்கள். காரணம் மாறாமல் ஆள் மாறினால் அது ஒழுங்கான வேலை. கிழமைக்குக் கிழமை காரணமே மாறினால்தான் பயப்படவேண்டும்.

ஒரே முடிவில் ஒரு பாதி சரியாகவும் மறு பாதி பிழையாகவும் இருக்கலாம். 2021 டிசம்பரில் ஒழுக்கக் காரணத்துக்காக ஆர்சனலின் போவேர்ட் ஒபமேயாங்கிடமிருந்து அணித் தலைமை பறிக்கப்பட்டது. சில கிழமையில் அவர் பார்சலோனாவுக்குப் போனார். உடைமாற்றும் அறைக்கு அது நல்லது. ஆனால் அந்த ஜனவரியில் அவருடைய இடத்துக்கு எவரும் வரவில்லை. பருவ முடிவில் ஆர்சனல் 69 புள்ளி, நாலாம் இடத்துக்கு வந்த ரொட்டன்ஹாம் 71. யாரை விட்டார் என்பதற்கு ஒரு சீட்டு, எப்போது விட்டார், மாற்று ஆள் இருந்தாரா என்பதற்கு வேறொரு சீட்டு என்று பிரித்து எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்காது.

தெரிவுப் பயிற்சியில் கவனிக்கவேண்டியது

ஒரே நாளில் 40 பேரை இறக்கி 11 க்கு 11 விளையாடவிட்டு 20 பேரை எடுப்பது தெரிவல்ல. மூன்று நாளாவது வேண்டும். முதல் நாள் 4 க்கு 4, நீளம் 30 மீற்றர், அகலம் 20 மீற்றர், எட்டு நிமிட ஆட்டங்கள். இதில் எல்லாருக்கும் பந்து கிடைக்கும், ஒளிய இடமில்லை. இரண்டாவது நாள் பெரிய மைதானத்தில் அவரவர் இடத்தில். மூன்றாவது நாள் இரண்டாவது இடத்தில் வைத்துப் பார்ப்பது. பார்ப்பவர்கள் இரண்டு பேர் தனித்தனியாக எழுதவேண்டும், எழுதி முடித்த பிறகுதான் பேசவேண்டும். முதலில் பேசினால் வயதில் மூத்தவரின் சொல்தான் இரண்டு கொப்பியிலும் இருக்கும்.

மார்கழியில் சேறு நிற்கும் மைதானத்தில் தெரிவு நடத்தினால் உடல் பருத்தவன் நல்லவனாகத் தெரிவான், வேகமானவன் தெரியமாட்டான். ஆவணியில் காய்ந்து இறுகிய தரையில் நடத்தினால் பந்து துள்ளித் துள்ளி, கால் சுத்தமானவன்கூடத் தடுமாறுவான். எந்த மாதத்தில், எந்தத் தரையில் தெரிவு நடந்தது என்று குறித்து வைக்கவேண்டும்.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஜனவரி 1 ஐ வைத்து வயது கணிக்கும் 16 வயதுப் பிரிவில், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் முந்தி வளர்ந்தவன். உயரமும் பலமும் அதனால் வந்தவை. தெரிவான 18 பேரில் முக்கால்வாசிப்பேர் ஆனி மாதத்துக்கு முன் பிறந்தவர்கள் என்றால், பயிற்றுநர் திறமையைத் தேடவில்லை, வளர்ச்சியைத்தான் பொறுக்கியிருக்கிறார். 20 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு அந்த உயரம் உதவாது. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் கண்ட விடயம் இது. வெட்டப்பட்டவர்களில் ஆண்டின் பிற்பகுதியில் பிறந்து, பந்தைச் சுத்தமாக நிறுத்தக்கூடிய இரண்டு மூன்று பேரையாவது தனிப் பட்டியலில் வைத்து ஆறு மாதத்துக்குப் பின் திரும்பக் கூப்பிடும் பயிற்றுநர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஏழுபேர் சுற்றுப்போட்டியை வைத்துப் பின்களத்தைத் தெரிவு செய்வதும் பிழையாகும். சின்ன மைதானத்தில், ஓஃப்சைட் பார்க்காத போட்டியில் நல்ல ஸ்டொப்பராக (நடுப் பின்களக்காரனாக) தெரிபவனுக்கு 100 மீற்றர் மைதானத்தில் கோட்டைப் பிடித்து ஏறி இறங்கத் தெரியாமல் இருக்கலாம்.

கோல் காப்பாளர் தெரிவை மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீற்றர், குறுக்குச் சட்டம் 2.44 மீற்றர். அதற்குள் ஊரில் உயரமானவனையோ, வெளியில் ஓட விருப்பமில்லாதவனையோ நிறுத்திவிடுவது பழைய பழக்கம். பாய்ந்து பிடித்த பந்துகளை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். நீங்கள் எண்ணவேண்டியவை வேறு. உயரப் பந்துக்கு வெளியே வந்து எத்தனை தரம் பிடித்தான். பிடிக்கமுடியாத பந்தை எங்கே தட்டினான்: பக்கத்துக்கா, நடுவுக்கா. மூலை உதை வரும்போது அவனுடைய முதல் அடி முன்னுக்குப் போகிறதா, கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா. நடுவுக்குத் தட்டிய பந்து எதிரணியின் காலில் விழுந்து வந்த கோலுக்குப் பெக்கைத் திட்டுவார்கள். எழுதிவைத்தவருக்குத்தான் உண்மை தெரியும். காப்பாளர் முதிர மற்றவர்களைவிட நாளெடுக்கும். 18 வயதுக் காப்பாளனுக்கு இரண்டு மோசமான போட்டிக்குப் பிறகு மூன்றாவதையும் கொடுத்த பயிற்றுநரை அந்த முடிவுக்காகத் தண்டிக்காதீர்கள். காப்பாளர்களோடு தனியாக வேலை செய்ய ஆளில்லாமல் கிழமை முழுக்க கோலுக்கு அடிக்க மட்டும் விடுகிறார் என்றால் அதைக் கேளுங்கள்.

மூத்தவர்களை விடுவதும் வெளியாளை இறக்குவதும்

பத்துப் பன்னிரண்டு வருடம் கழகத்துக்கு ஆடியவரை விடுவதில் பிழை பெரும்பாலும் முடிவில் இருப்பதில்லை, விதத்தில்தான் இருக்கும். வட்ஸ்அப் குழுவில் பெயர்ப்பட்டியல் வர, அதில் தன் பெயர் இல்லை என்று அறிந்துகொள்பவர் அடுத்த நாள் வேறு கழகத்துக்குப் போவார். கூட அவருடைய தம்பியும் மருமகனும் போவார்கள். பதிவு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, நேரில், காரணத்தோடு, இனி என்ன பங்கு என்று சேர்த்துச் சொல்லவேண்டும். இளம் ஸ்டொப்பருக்குப் பக்கத்தில் 30 நிமிடம் நிற்பது, 16 வயதுக்காரரைப் பழக்குவது, அணி முகாமை, இப்படி ஏதாவது. அப்படிச் சொன்னாரா என்று மூத்தவரிடமே கேட்டறியலாம்.

வெளியாளை இறக்கி ஒரு மின்னொளிக் கிண்ணத்தை எடுப்பது எளிது. அதை எடைபோட இரண்டு எண் போதும்: அவருக்குக் கொடுத்த பணம், வாகனம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி அவர் ஆடிய நிமிடத்தால் பிரியுங்கள். பிறகு, அவரால் எந்தெந்தச் சொந்தப் பெடியன் எத்தனை நிமிடம் இழந்தான் என்று எழுதுங்கள். மீளக் கட்டும் காலத்தில் மூன்று போவேர்டை வெளியிலிருந்து இறக்குபவர் அடுத்த பருவத்தைத் தின்கிறார். அனுபவமுள்ள ஒரு ஸ்டொப்பரையோ காப்பாளரையோ, இளைஞன் ஒருவன் பக்கத்தில் நின்று படிப்பதற்காகக் கொண்டுவருவது வேறு. அந்தச் செலவு நியாயமானது.

போட்டியன்று எண்ணவேண்டியவை

கோல் எண்ணிக்கை மிகச் சிறிய எண். ஒரு தண்ட உதை, ஒரு பிசகிய பந்து, பெறுபேறு மாறிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் அடிக்கடி நடப்பவற்றைக் கோடு கீறி எண்ணுங்கள்: தண்டப் பெட்டிக்குள்ளிருந்து அடித்த அடிகள், எங்கள் கோலுக்குக் கிட்ட உள்ள மூன்றிலொரு பங்கு மைதானத்தில் இழந்த பந்துகள், மூலை உதை, சுயாதீன உதையிலிருந்து வந்த ஆபத்துகள், கடைசி 20 நிமிடத்தில் இவை எல்லாம் எப்படி மாறின. ஒருவர் எங்கள் பக்கத்தை, மற்றவர் எதிரணியை எண்ணினால் தடுமாற்றம் இல்லை.

ஐந்து போட்டிகளை ஒரு கட்டாகச் சேர்த்துப் பாருங்கள். ஒற்றைப் போட்டியை வைத்துப் பேசாதீர்கள். தோற்றுக்கொண்டே இருந்தாலும் முதல் கட்டைவிட இரண்டாவது கட்டில் பெட்டிக்குள் வாங்கிய அடிகள் குறைந்திருந்தால் பின்களத் தெரிவு வேலை செய்கிறது. வென்றுகொண்டே இருந்தாலும் அந்த எண் ஏறினால், காப்பாளர் ஒருவர் அணியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு கட்டிலும் எதிரணிகள் ஒரே தரமா என்று பார்க்கவும் மறக்கவேண்டாம். கடைசி 20 நிமிடத்தில் மட்டும் சரிவு என்றால் அது ஆள் தெரிவல்ல, பயிற்சியின் அளவு அல்லது மாற்றம் செய்த நேரம்.

பயிற்றுநரிடம் கேட்கும் விதம்

கோட்டோரத்தில் கேட்கவேண்டாம், தோற்ற இரவிலும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, இருவர் மட்டும் போய், கொப்பியோடு இருந்து கேளுங்கள். "ஏன் தோத்தது?" என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் வராது. ஒரு குறிப்பிட்ட முடிவைப் பிடித்து, அந்த நேரத்தில் அவர் கண்டது என்ன என்று கேட்கவேண்டும்.

"மாஸ்டர், அறுபதாவது நிமிசம் எட்டாம் நம்பரை எடுத்தனீங்கள். அப்ப என்னத்தைக் கண்டனீங்கள்?"

"அவன் ரெண்டு தரம் திரும்பி ஓடிவரேல்லை. அந்தப் பக்கப் பெக் தனிய நிண்டவன்."

"பெஞ்சில வேற ஆர் இருந்தவை?"

"ரெண்டே பேர். ஒருத்தனுக்குக் கால் நோ."

இங்கே நாலு வரியில் முடிவு, காரணம், இருந்த வழிகள் மூன்றும் வந்துவிட்டன. உள்ளே வந்தவன் கோல் விட்டிருந்தாலும் இது நியாயமான முடிவுதான். பெஞ்சில் இரண்டே பேர் இருந்தது அடுத்த கேள்வி. அதற்குப் பயிற்றுநர் மட்டும் பொறுப்பில்லை, வாகனம் ஒழுங்கு செய்யாத நிர்வாகமும் பொறுப்பு.

பொறுக்கவேண்டியதும் பொறுக்கக்கூடாததும்

பலமான அணியிடம் தோற்பது, ஆட்ட முறையை ஒருதரம் மாற்றுவது, கோட்டோரத்தில் சத்தம் போடுவது, ஊருக்குப் பிடித்த ஒருவரை வெளியே வைப்பது ஆகியவற்றுக்காகப் பருவ நடுவில் பயிற்றுநரை மாற்றாதீர்கள்.

காயப்பட்டவனை ஊசி போட்டு இறக்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள். வயதைக் குறைத்துப் பதிவு செய்தாலும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைச் செயலாளரே பார்த்திருக்கவேண்டும். தன் பாடசாலை, தன் சொந்தக்காரர் என்று தெரிவு சாய்ந்தால், இரண்டு பார்வையாளரும் தனித்தனியாக எழுதிய புள்ளிகளோடு ஒப்பிட்டுக் காட்டி விளக்கம் கேளுங்கள். ஒப்பிடாமல் குற்றம்சாட்டுவது அநியாயம். தாளில் எழுதிய நிமிடத்தில் பாதியைக்கூட இளைஞர்களுக்குக் கொடுக்காமல் பருவம் பாதி கடந்தால் எழுத்தில் அறிவியுங்கள். மூன்று முடிவுச் சீட்டில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்து, அவர் தானே சொன்ன ஐந்தாவது வரி நிறைவேறிய பிறகும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பருவ முடிவில் வேறு ஆளைத் தேடலாம்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கொப்பியைப் பயிற்றுநரிடம் கொடுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் எதிர்ப்பக்கத்தை அவர் பதில் எழுத வெறுமையாக விட்டிருக்கவேண்டும். கூட்டத்தில் இரண்டு பக்கத்தையும் ஒருவரே வாசிக்கட்டும். பயிற்றுநர் மாறினால் கொப்பியைச் செயலாளர் வீட்டு அலுமாரிக்குக் கொண்டுபோகவேண்டாம். புதியவர் கையெழுத்து வைத்து வாங்கி, வெட்டப்பட்ட, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்த பெடியளின் தனிப் பட்டியலிலிருந்து தன் முதல் தெரிவைத் தொடங்கட்டும்.